ஒண்டுக்குடித்தனத்து வெள்ளிக்கிழமை

அவருக்கு விசிறிக்கொண்டிருக்கிறேன். மத்தியானச் சங்கு ஊதின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது, அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனாலும் விசிறிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் கதவு திறந்திருக்கிறது. இந்த வீட்டில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் என்ன ஆச்சு என்று வந்து தட்டுவார்கள். முற்றத்துக் குழாயடிக்கு வருகிறவர்களுக்கும் கொடியில் துணி எடுக்க வருகிறவர்களுக்கும் என் முதுகும் விசிறியும் அவருடைய பாதம் இரண்டும் தெரியும். விசிறி ஆடுகிறவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார். கஞ்சித் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தேன். முதல் கரண்டி உள்ளே போனது, அடுத்தது கடைவாய் வழியாக வெளியே வந்தது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தபோதுதான் பார்த்தேன், நெஞ்சு ஏறவில்லை. ஏறும் என்று கரண்டியைப் பிடித்தபடியே காத்திருந்தேன். நாலைந்து நாளாகவே அப்படித்தான், நின்று நின்றுதான் ஏறும், நமக்கு உயிர் போய் உயிர் வரும். இந்தத் தடவை ஏறவில்லை. கஞ்சி ஆறி அதன் மேல் ஆடை படிந்துவிட்டது. அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தது பயம். ஐயோ, ரேவதி இன்னும் விடவில்லையே என்கிற பயம்.

ரேவதி என்றால் பெண் இல்லை, நட்சத்திரம். அவிட்டத்தில் பாதியிலிருந்து ரேவதி முடிகிறவரை ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீடு அடைப்பு என்பார்கள். ஆறு மாதம் அதில் யாரும் குடியிருக்கக் கூடாது, விளக்கு வைக்கக் கூடாது, பூட்டிப் போட்டுவிட வேண்டும். பிணத்தையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது, பின்சுவரை இடித்து அந்த ஓட்டை வழியாகத்தான் தள்ள வேண்டும். திங்கட்கிழமை அவிட்டம் பாதி ஆனதிலிருந்து வீட்டுக்காரம்மா பஞ்சாங்கமும் கையுமாகத்தான் இருக்கிறாள். "சில பேரு அந்த ரூமை மட்டும் பூட்டினா போதும்னு சொல்லுவாங்க வடிவு. எங்க ஐயரு ஒத்துக்கமாட்டாரு. ஒரே கூரைன்னா ஒரே வீடுதான், மொத்தமா அடைக்கணும்னுட்டாரு. இத்தினி குடித்தனமும் எங்க போவும் சொல்லு." இதை என்னிடம் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு நேராக அவரிடமே சொன்னாள். "ஏகாம்பரம், நல்லா கேட்டுக்கோப்பா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சரைக்கு ரேவதி விட்டுடுது. அதுவரிக்கும் தாங்கிக்கோ." இந்த மனுஷர் தலையை ஆட்டினார். பேச்சு நின்று, எச்சில் முழுங்க முடியாமல் கிடக்கிற மனுஷர், வீட்டுக்காரம்மா சொன்னதற்குத் தலையை ஆட்டினார். எனக்கு அப்போது அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. சுவரில் ஆணி அடிக்காதே என்று அவள் சொன்னபோதும் இப்படித்தான் ஆட்டினீர்கள். அம்மியை வெயில் தாழ்ந்த பிறகு தொடாதே என்றபோதும் இப்படித்தான். சொன்னபடி செவ்வாய் தாங்கினார், புதன் தாங்கினார், வியாழன் முழுக்க தொண்டையில் ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு தாங்கினார். இன்றைக்கு மத்தியானம் விட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க வீட்டுக்காரர் சொல்லைத் தட்டாதவர், கடைசியில் ஒரே ஒரு சாயந்தரம் போதாமல் தட்டிவிட்டார்.

இல்லை, வீட்டுக்காரம்மாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவள் பயமும் பயம்தான். பின்கட்டில் கிணற்றை ஒட்டின அறையில் சுவரின் கீழ்ப்பக்கம் ஒரு இடம் வேறு நிறமாக இருக்கும். எத்தனை வெள்ளை அடித்தாலும் மழைக்காலத்தில் அது தனியாக ஊறித் தெரியும். அதுதான் தபால்காரர் துரைக்கண்ணு போன வழி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் சதயத்தில் செத்தார், அதுவும் அடைப்பு நாள்தான். நான் முற்றத்துத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கடப்பாரையால் நான்கைந்து செங்கல்லைப் பெயர்த்தார்கள், ஓட்டை போதவில்லை, இன்னும் இரண்டு பெயர்த்தார்கள், அவருக்குத் தோள் கொஞ்சம் அகலம். உள்ளே இரண்டு பேர் தள்ள வெளியே இரண்டு பேர் இழுக்க, காலையும் கையையும் கட்டி, திருட்டுச் சாமானைக் கடத்துகிற மாதிரி அந்த மனுஷரைச் சாக்கடைச் சந்தில் இறக்கினார்கள். ஊருக்கெல்லாம் வாசலில் நின்று கடிதம் கொடுத்தவருக்கு ஒரு வாசல் கிடைக்கவில்லை. அப்போது இந்த வீட்டில் அந்தக் கட்டு தனிக்கூரை, ஓடு போட்டது, அதனால் எங்களுக்கு ஆபத்தில்லாமல் போனது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தளமாகப் போட்டுவிட்டார். துரைக்கண்ணு சம்சாரத்தை மறுநாளே பாத்திரத்தோடு தெருவில் விட்டார்கள். திட்டியெல்லாம் விடவில்லை, ஒரு வண்டி பிடித்துக் கொடுத்து மரியாதையாகத்தான் விட்டார்கள். அவள் வண்டிக்காரனிடம் எங்கே போகச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு யார் இருக்கிறார்கள்? மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள், எங்கேயோ பிழைக்கப் போன கொழுந்தன் ஒரு கடிதம்கூடப் போடுவதில்லை. அப்பா போனதும் தம்பி சுருங்கிவிட்டான். அவன் பெண்டாட்டி வீட்டில் அவனே ஒண்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இவர் வாசல் வழியாகப் போக வேண்டும். நிலைப்படி இடிக்கிறது, குனிந்து தூக்குங்கள் என்று யாராவது சொல்ல வேண்டும், நான் பின்னாலேயே வாசல்வரைக்கும் போக வேண்டும். அதற்கு இந்த விசிறி அஞ்சரை மணிவரை ஆட வேண்டும்.

கை வலிக்கிறது. இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன். ஒண்டுக்குடித்தனம். இந்த வார்த்தையை நான் கல்யாணமாகி வந்த வருஷம்தான் முதலில் கேட்டேன். அப்பா திருத்தணியில் எல்லாரிடமும் மாப்பிள்ளைக்குப் பட்டணத்தில் வீடு, சிந்தாதிரிப்பேட்டையில் வீடு என்று பெருமை அடித்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் மோரைக் கலக்கிக்கொண்டே, "வீடு இல்லப்பா, ஒண்டுக்குடித்தனம்" என்றார். நான் அதை இடத்தின் பெயர் என்றே நினைத்தேன். வந்த பிறகு இவரிடம் காதோடு காதாகக் கேட்டேன், அப்படீன்னா இன்னாங்க என்று. காதோடு காதாகத்தான் கேட்க முடியும், தட்டிக்கு அந்தப் பக்கம் மாமியார், கதவுக்கு வெளியே கொழுந்தன். இவர் பிராட்வேயில் குடைக்கடையில் வேலை. கையெல்லாம் எப்போதும் குடைத்துணி வாசனை, ஒரு மாதிரி மண்ணெண்ணெயும் புதுத் துணியும் கலந்த வாசனை. சொன்னார், "மழ புடிச்சுதுன்னா எங்க கடைத் தகரத்துக்கு அடியில ஜனங்க வந்து ஒண்டுவாங்க. ஒண்டறவன் எப்டி நிப்பான்னு பாத்திருக்கியா? சுவத்தோட சுவரா, வயித்த எக்கிக்கினு நிப்பான். சரக்குமேல கை பட்டுடப்போவுதுன்னு ரெண்டு கையையும் கட்டிக்குவான். மொதலாளி செருமினாக்கூட கொஞ்சம் தள்ளி நின்னுக்குவான். யாரும் அவனைப் போன்னு சொல்லல. ஆனா அவனுக்குத் தெரியும். அந்த மாதிரி நின்னுக்கினே ஒருத்தன் கல்யாணம் பண்ணி, சோறாக்கி, குடும்பம் நடத்துனா அதான் ஒண்டுக்குடித்தனம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் என் வாயைப் பொத்தினார். பொத்தின கைக்குள்ளேயே சிரித்தேன். பிறகு கேட்டேன், மழை எப்போது விடும் என்று. "விடும், விடும்" என்றார்.

ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள். முன்கட்டில் இருந்த வாத்தியார், ஒண்டி என்றால் தனி, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை தனியாக விடுவதால் அந்தப் பெயர் என்பார். இந்த வீட்டில் யார் எப்போது தனியாக இருந்தார்கள் ஐயா? என் மாமியாரின் இருமல் எல்லார் வீட்டு இருமல், எஸ்தர் வீட்டுக் கருவாடு எல்லார் மூக்குக்கும் கருவாடு. வீட்டுக்காரம்மாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. "அப்டிச் சொல்லாதீங்கடி, கேக்க நல்லாவா இருக்குது, போர்ஷன்னு சொல்லுங்க" என்பாள். வாசலில் தொங்குகிற அட்டையிலும் போர்ஷன் வாடகைக்கு என்றுதான் எழுதியிருக்கும். அது என்ன பாஷையோ, நாக்கில் ஒட்டவே ஒட்டாது. புருஷனையும் வீட்டுக்காரர் என்று சொல்கிற ஊர் இது. நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் முற்றத்தில் யாராவது எந்த வீட்டுக்காரர் என்று கேட்டுச் சிரிப்பார்கள். இந்தக் குடி என்கிற சொல்லைத்தான் பாருங்கள். குடிபுகுந்தோம், குடிவைத்தார்கள், குடியிருந்தோம். கொஞ்சம் பொறுத்தால் குடியா முழுகிவிடும் என்கிறோம். பொறுத்தேனே, பொறுத்துப் பொறுத்துத்தான் என் குடி முழுகி இதோ பாயில் கிடக்கிறது. ஏன் இதையெல்லாம் இப்போது நினைக்கிறேன்? அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு. வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டேன். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வருகிறது.

கூடத்துக் கடிகாரம் மூன்று அடிக்கிறது. இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே கடிகாரம், வீட்டுக்காரம்மாவுடையது. அது அடித்து முடிக்கிறதற்குள் அவளே வந்துவிட்டாள், மெட்டி சத்தத்தில் தெரிகிறது. வெளியேதான் நிற்பாள். உள்ளே வரமாட்டாள், தீட்டு எந்த நிமிஷமும் விழலாம் என்று வைத்துக்கொண்டு யார் உள்ளே வருவார்கள். வரவேண்டாம், அதுதான் எனக்கும் நல்லது. நான் அவர் முகத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்கிறேன். "எப்டி இருக்காரு வடிவு?" "தூங்கறாரும்மா." என் குரல் எங்கிருந்து வருகிறது? ரேடியோவில் பேசுகிற மாதிரி இருக்கிறது. "கஞ்சி குடிச்சாரா?" "ஒரு கரண்டி குடிச்சாரும்மா." அது பொய் இல்லை, ஒரு கரண்டி குடித்தார். அவள் போகவில்லை. விசிறியையே பார்க்கிறாள். எவ்வளவு நேரம் பார்க்கிறாள்! நான் வேகமாக விசிறுகிறேனோ, உயிரோடு இருக்கிறவருக்கு இவ்வளவு வேகமாக விசிறுவார்களா, குறைக்கிறேன், குறைத்தால் சந்தேகம் வருமோ, பழையபடி ஆட்டுகிறேன். "சத்தமே காணமே, நேத்தெல்லாம் கொர்கொர்னு இருந்துச்சே" என்கிறாள். ஆமாம், அந்த ரம்பச் சத்தத்தை நான் மறந்தே போனேன். "சளி கொஞ்சம் எறங்கியிருக்குதும்மா" என்கிறேன். "நல்லது. தாங்கிடுவாரு. ரொம்ப நேரமில்ல, தாங்கிடுவாரு." உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொல்கிறாள், "ஏகாம்பரம், இன்னும் கொஞ்ச நேரம்பா." அவர் தலையை ஆட்டவில்லை. முதல் தடவையாக அவள் சொன்னதற்கு அவர் தலையை ஆட்டவில்லை. எனக்கு அந்த நேரத்திலும் அதில் ஒரு துளி சந்தோஷம். அவள் போகிறாள். இடுப்பு வரைக்கும் வியர்த்துவிட்டது எனக்கு. செத்தவருக்கு வீசிய காற்று உயிரோடு இருக்கிறவள் மேல் பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்படி ஒருதடவை முன்னாலும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்தது. பெண். பிறந்தபோதே குரல் வரவில்லை, நீலமாக இருந்தாள், மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டினாள், வாயில் ஊதினாள், பிறகு கீழே வைத்துவிட்டாள். அன்றைக்கு முற்றத்தில் ஜமக்காளம் விரித்து வீட்டுக்காரம்மாவின் மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கேசரி வாசனை வந்தது. இவர் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, குடைத்துணி வாசனை அடிக்கிற கையால் என் வாயை மெதுவாகப் பொத்தினார். அழுத்தவில்லை, வெறுமனே வைத்தார். "சத்தம் போடாத வடிவு. அந்தப் பொண்ணு வாழ்க்க. அவுங்க போயிடட்டும்." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் என் நெற்றியில் விழுந்துகொண்டே இருந்தது, அவரும் சத்தம் போடவில்லை. நான் அவர் உள்ளங்கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன், இதோ கட்டைவிரலுக்குக் கீழே தழும்பு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி, காபி எல்லாம் முடித்துப் பெண்ணைப் பாடச் சொன்னார்கள். அவள் பாடினாள். அவர்கள் போன பிறகு அழலாம் என்றுதான் இருந்தேன். போன பிறகு வரவில்லை. எப்போதோ நின்றுபோன குழாய் மாதிரி, திறந்தால் காற்றுதான் வந்தது. அதற்கப்புறம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஜமக்காளத்தை வருஷா வருஷம் பொங்கலுக்கு வெயிலில் போடுவார்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

யாரோ வருகிறார்கள். நடையிலேயே தெரிகிறது, எஸ்தர். அடுத்த அறை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்து நேராக வருகிறாள், சேலையில் டெட்டால் நெடி. அவள் வாசலில் நிற்கிற ஆள் இல்லை, குனிந்து உள்ளேயே வந்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் பழக்க தோஷத்தில் அவர் பாதத்தைத் தொட்டுவிட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அக்கா..." நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன், அஞ்சரை. அவளுக்கு நட்சத்திரமும் கிடையாது, அடைப்பும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். ஆனால் ஒரே கூரை. அவளுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவளுடைய பாயும் அடுப்பும் இந்தக் கூரைக்குக் கீழேதான். அவள் கண்ணில் முதலில் வந்தது என்னைப் பற்றிய துக்கம், அடுத்து வந்தது அந்தப் பயம். இரண்டையும் நான் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். பிறகு காதருகில் வந்து, "வாயக் கட்டணும்க்கா. இப்பவே கட்டணும். இன்னும் கொஞ்ச நேரம் போனா அப்டியே நின்னுக்கும், அப்புறம் மூடாது" என்றாள். கட்டினால் தெரிந்துவிடுமே! பிணத்துக்குத்தானே வாய்க்கட்டு போடுவார்கள். எஸ்தர் சுற்றிப் பார்த்தாள். கொடியில் அவருடைய மஃப்ளர் தொங்கியது, மார்கழியில் கடைக்குப் போகும்போது சுற்றிக்கொள்கிற பழுப்பு மஃப்ளர். அதை எடுத்தாள். நான் தலையைத் தூக்கிப் பிடிக்க அவள் மோவாய்க்கு அடியில் கொடுத்து, காதை மூடி, உச்சியில் முடிச்சுப் போட்டாள். சித்திரை மாசக் கத்திரி வெயிலில் மஃப்ளர். இவருக்குக் குளிர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். தலை கனமாக இருந்தது, இந்தத் தலை இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் என் தோளில் சாய்ந்திருக்கிறது. எஸ்தர் போர்வைக்கு அடியில் கையை விட்டுக் கால் இரண்டையும் நேராக்கினாள். போகும்போது முற்றத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள், "அண்ணனுக்கு குளிர் ஜொரம் மாதிரி இருக்குதுக்கா, நல்லா போத்தி விடு." நல்ல பெண். எனக்காகச் சொன்னாளா தன் கூரைக்காகச் சொன்னாளா என்று நினைக்கிறேன், நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவர் உதட்டோரம் ஒரு எறும்பு. கஞ்சி வழிந்த இடம். எடுத்துப் போடுகிறேன். சுவரோரமாக இன்னும் வருகின்றன, வரிசையாக, கிழக்குப் பக்கத்து விரிசலிலிருந்து. இவைகளுக்கு யார் சொன்னது? வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாதது, முற்றத்தில் யாருக்கும் தெரியாதது இவைகளுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு கையால் விசிறிக்கொண்டே இன்னொரு கையால் ஈரத்துணியை எடுத்து அவர் முகத்தைச் சுற்றித் துடைக்கிறேன், மோவாய், கழுத்து, மஃப்ளரின் ஓரம். வெயில் தளத்து விளிம்பைத் தாண்டி முற்றத்தில் இறங்கித் தரையின் பாதியில் நிற்கிறது. அது குழாயடியைத் தொட வேண்டும், தூணின் அடிக்கு வரவேண்டும், பிறகு தூணில் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் அஞ்சரை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், இனிமேல் இங்கே வைத்து ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சொந்த வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று. சரி ஐயா என்றேன். சொந்த வீடு எங்கே இருக்கிறது என்று அவரிடமா கேட்க முடியும்? ரிக்‌ஷாவில் என் மடியில் சாய்ந்துகொண்டு வந்தார், வாசலில் இறக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார், வீட்டுக்காரம்மா அப்போதுதான் கோலம் போட்டிருந்தாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவத்தோட சுவரா. வயித்த எக்கிக்கினு. ஏன் இப்படி இருந்தீர்கள்? ஏன் ஒரு நாளாவது அந்தக் கோலத்தை மிதிக்கவில்லை? ஒரு காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்திருந்தால் வீடு இடிந்தா விழுந்திருக்கும்? கேட்கிறேன், வாயைத் திறக்காமல் கேட்கிறேன். அவர் வாய் கட்டியிருக்கிறது. என் வாய் கட்டாமலே கட்டியிருக்கிறது.

இனிமேல் நான் எங்கே? அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரேவதி விட்டுவிட்டால் வீட்டுக்காரம்மா உடனே போகச் சொல்லமாட்டாள். பதினாறு முடியட்டும் என்பாள். அதற்கப்புறம், ஒண்டியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கும்மா ஒரு போர்ஷன் என்பாள். பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் சொல்வாள். வாத்தியார் சொன்ன அர்த்தம் அப்போது எனக்குச் சரியாகப் பொருந்தும். பரவாயில்லை, அது அப்போது. இப்போது வாசல். வாசல் வழியாக அவர் போக வேண்டும். கடிகாரம் அடிக்கிறது, நாலா அஞ்சா, எண்ண விட்டுவிட்டேன், நடுவில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அஞ்சாக இருந்தால் அடுத்து அடிக்கிற ஒற்றை மணிதான் அரை. நாலாக இருந்தால்? நாலாக இருந்தால் அந்த ஒற்றை மணி நாலரை, நான் எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன் என்றால், கடப்பாரை வந்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? வெயிலைப் பார்க்கிறேன், மேகம் மூடிக்கொண்டிருக்கிறது, முற்றம் முழுக்க ஒரே நிறம். யாரையும் மணி கேட்க முடியாது, கேட்டால் எதற்கு என்பார்கள். துரைக்கண்ணுவின் தோள் ஓட்டையில் சிக்கிக்கொண்டது ஞாபகம் வருகிறது. இவர் தோள் ஒடுங்கிவிட்டது, சிக்காது என்று ஒரு நினைப்பு வருகிறது. சீ, என்ன நினைப்பு. கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துவிட்டதா? அது அஞ்சுக்குத்தான் வரும். குழாயடியில் குடம் வைக்கிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு குடம். இன்னொரு குடம். குழாய் முதலில் காற்றை விடுகிறது, பிறகு தண்ணீர் விழுகிறது. அப்படியானால் அடித்தது அஞ்சு. பாதிக் குடங்கள் நிறைந்து போகின்றன, சண்டை ஒன்று வந்து அடங்குகிறது, நான் விசிறிக்கொண்டிருக்கிறேன், கை என்னுடையதாக இல்லை, தானாக ஆடுகிறது. ஒற்றை மணி அடிக்கிறது.

உடனே எழுந்துவிடவில்லை. கடிகாரம் வேகமாக ஓடியிருந்தால்? அது எப்போதும் கொஞ்சம் முன்னால்தான் ஓடும், வீட்டுக்காரர் கடைக்குச் சீக்கிரம் போவதற்காக வைத்தது. குழாயில் தண்ணீர் சன்னமாகி நூலாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். விசிறியைக் கீழே வைத்தேன். விரல் மடங்கினபடியே இருந்தது, நீட்ட முடியவில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்தேன், பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். வீட்டுக்காரம்மா தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு கூடத்து வாசலில் உட்கார்ந்து குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூ, எண்ணெய்க் கிண்ணம், பஞ்சாங்கம். என்னைப் பார்த்ததும் எண்ணெய் ஊற்றுகிற கை நின்றது. "போயிட்டாரும்மா" என்றேன். அவள் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. "எப்போ?" "இப்போதாம்மா." நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது, அவளும் மத்தியானத்திலிருந்து அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அந்த மஃப்ளர அவுத்துட்டு வெள்ளத்துணியா கட்டிடு. யாராவது கேப்பாங்க." மஃப்ளரை எப்போது எட்டிப் பார்த்தாளோ, விசிறியை அவள் மூன்று மணிக்கு அவ்வளவு நேரம் பார்த்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே கூரையைத்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். "வாசல் வழியாத்தானேம்மா?" என்றேன். "வாசல் வழியாத்தான். பின்ன?" என்றாள். நெஞ்சுக்குள் மத்தியானத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது, இல்லை, அதற்கும் முன்னாலிருந்து, அந்தக் கேசரி வாசனையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது மேலே வந்துவிட்டது, தொண்டைக்கு வந்துவிட்டது, வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. நான் கேட்டேன். என் வாயால் நானே கேட்டேன். "இப்ப அழலாமாம்மா?"

அவள் விளக்கைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். "வெள்ளிக்கெழம வடிவு. ஒரு ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோ. வெளக்க ஏத்திட்டு வந்துடறேன், அப்புறம் அழு." நான் தலையை ஆட்டினேன். அவர் ஆட்டின மாதிரியே ஆட்டினேன். திரும்பி வந்து மஃப்ளரை அவிழ்த்து அவருடைய வேட்டியில் ஒரு ஓரம் கிழித்துக் கட்டினேன். கூடத்தில் அவள் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது, முதல் குச்சி பற்றவில்லை. முற்றத்தில் யாரோ துணி எடுக்க வருகிறார்கள். கதவு திறந்திருக்கிறது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் விசிறியை எடுத்துக்கொண்டேன்.